ஏன் வாங்கினோம் என்று எழுதாத கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால், பெல்ஜியம் கண்ணாடிக்கும் இனாமல் தூக்குச்சட்டிக்கும் நடுவே சில சமயம் பழைய பேரேடுகள் கிடக்கும். தடித்த அட்டை, பழுப்பேறிய தாள், மேலே பிள்ளையார் சுழி, கீழே வரவும் பற்றும். நூறு ரூபாயானாலும் ஒரு ரூபாயானாலும் யாருக்கு, எந்தத் தேதியில், எந்த வட்டிக்கு, எதை நம்பி என்று அதில் பதிவாகியிருக்கும். வாங்கிப் போகிறவர்கள் ஓட்டல் வரவேற்பறைகளில் அலங்காரத்துக்கு வைக்கிறார்கள். அதே ஊரில் காலை ஒன்பதேகால் மணிக்கு எந்த டீக்கடையிலும் இரண்டு மூன்று இளைஞர்கள் போனில் பச்சையும் சிவப்புமாக ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "என்ன விலைக்கு வாங்குனீங்க தம்பி?" என்று கேட்டால் ஆப்பைத் திறந்து சராசரி விலையைக் காட்டுவார்கள். "ஏன் வாங்குனீங்க?" என்றால், "ஏறும்னு சொன்னாங்கண்ணே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஒரு வாக்கியம் உறுத்துகிறது. "வியாபாரம் நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்று செட்டிநாட்டுப் பிள்ளைகள் சொல்லிக்கொள்ளும் வாக்கியம். ரத்தத்தில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனவர்களின் கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதல் நாளே யாருக்கும் கடன் கொடுத்துவிடவில்லை. கடையைப் பெருக்கினான், எடுபிடி வேலை செய்தான், கணக்கைப் படி எடுத்தான். பிறகு அடுத்தாள், அதன் பிறகு மேலாள். ஏஜெண்டாகப் போனவருக்கும் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை. அது முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். பல ஆண்டுகள் அடுத்தவர் பணத்தின் கணக்கை எழுதிய பிறகுதான் சொந்தத் தீர்ப்பில் ஒரு ரூபாயை வெளியே விட்டார்கள். இன்று, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு சில மணி நேரத்தில் திறந்துவிடுகிறது. வாங்கும் வசதி வந்துவிட்டது, எழுதும் வழக்கம் போய்விட்டது. புதிதாகப் பங்குச் சந்தைக்கு வருகிறவர்களின் நஷ்டத்தில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்துதான் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் பங்கை வாங்குவது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஒரு சின்ன லாபத்தின் கணக்கு

முதலில் ஒரு நல்ல வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். 250 ரூபாய் விலையில் 40 பங்குகள், பத்தாயிரம் ரூபாய். ஒரு மாதத்தில் 262 ரூபாய் 50 காசுக்கு விற்றாயிற்று. கையில் 10,500. ஐந்து சதவீத லாபம் என்று ஆப் பச்சையில் காட்டும். அன்று மாலை தரகரிடமிருந்து மின்னஞ்சலில் வரும் செலவுச் சீட்டை, அதாவது காண்ட்ராக்ட் நோட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் மீதிக் கதை தெரியும். தரகு ஆர்டருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாங்கவும் விற்கவும் 40. பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, அன்றே விற்காமல் பங்கைக் கையில் எடுக்கும் டெலிவரியில் இரண்டு பக்கமும் 0.1 சதவீதம்: சுமார் 21. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம்: ஒன்றரை ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சில்லறைக் காசு. தரகுக்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி: ஏழு ரூபாய்க்கு மேல். விற்கும் நாளில் டீமேட்டிலிருந்து பங்கு வெளியேறுவதற்கு டிபி கட்டணம், ஜிஎஸ்டியோடு பதினேழு பதினெட்டு ரூபாய். மொத்தம் 88 ரூபாய் போயிற்று.

மிச்சம் 412. ஓராண்டுக்குள் விற்றதால் இது குறுகியகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 20 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ். எஸ்டிடியைச் செலவாகக் கழிக்க முடியாது. வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் உள்ளவர் கணக்கில் இன்னும் தொண்ணூறு ரூபாய் போகும். கையில் நிற்பது சுமார் 322. ஐந்து சதவீதம் என்று நினைத்தது 3.2 சதவீதமாகிவிட்டது. லாபம் வந்த வியாபாரத்தின் கணக்கே இப்படி. இதே 88 ரூபாய் நஷ்ட வியாபாரத்திலும் போகும். ஐயாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு வாரம் மூன்று முறை வாங்கி விற்கிறவரின் பணம் சந்தை விழாமலே கரைவது இதனால்தான்.

ஆகவே முதல் பழக்கம், காண்ட்ராக்ட் நோட்டின் கடைசி வரியை நோட்டில் பதிவது. ஆப்பில் தெரியும் சராசரி விலையில் பெரும்பாலும் இந்தச் செலவுகள் சேர்ந்திருக்காது. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் நீண்டகால ஆதாயம்: ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். நஷ்டம் வந்தாலும் எழுத வேண்டும். மூலதன நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை பின்னால் வரும் ஆதாயத்தில் கழிக்கலாம், ஆனால் வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால்தான். "நஷ்டம்தானே, எதுக்கு ஃபைல் பண்ணணும்?" என்று விட்டுவிடுகிற இளைஞர்கள் அந்த உரிமையை இழக்கிறார்கள். ஒரே நாளில் வாங்கி விற்கும் இன்ட்ராடே நஷ்டம் வேறு வகை. அதை நான்கு ஆண்டுகள்தான் எடுத்துச் செல்லலாம், அதுவும் அதே வகை லாபத்தில்தான் கழியும்.

வட்டிக்காரன் கண்ணும் கூட்டாளி கண்ணும்

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு தவறு உண்டு. இங்கே கடன் கொடுப்பதும் வட்டி வாங்குவதும் எல்லோருக்கும் தெரியும். நடப்பு வட்டி, தவணை வட்டி என்ற பேச்சு வீட்டுத் திண்ணையிலேயே காதில் விழுந்திருக்கும். பங்கு என்பதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1937 பிப்ரவரி 10 அன்று மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. இருந்தும் கடன்காரனிடம் கேட்கும் கேள்வியைத்தான் பங்கிடமும் கேட்கிறோம்: "ஆள் ஓடிடுவானா, நிப்பானா?" கம்பெனி நிற்கும் என்றால் போட்ட பணமும் நிற்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்த முடிவு எவ்வளவு தவறு என்பதை 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி காட்டியது. 1926இல் கரூரில் தொடங்கிய வங்கி. நம் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பழகிய பெயர். 2017இல் நூறு ரூபாய்க்கு மேல் விலைபோன அந்தப் பங்கு 2020இல் இருபது ரூபாயை ஒட்டி நின்றது. "நம்ம ஊர்ப்பக்கத்து பேங்க்கு, தொண்ணூறு வருசமா இருக்கு, மூடவா போறாங்க? இருபது ரூபாய்க்குச் சும்மா கிடைக்குது" என்ற நியாயம் பலரை வாங்க வைத்தது. ஏற்கெனவே நஷ்டத்தில் இருந்தவர்கள் இன்னும் வாங்கிச் சராசரியைக் குறைத்தார்கள்.

அப்போது பொதுவில் என்னென்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். 2017-18இல் நிகர நஷ்டம் சுமார் 585 கோடி. அடுத்த ஆண்டு 894 கோடி. அதற்கடுத்த ஆண்டு 836 கோடி. மூன்று ஆண்டில் 2,300 கோடிக்கு மேல். 2020 மார்ச்சில் கொடுத்த கடனில் 25 சதவீதத்துக்கு மேல் மொத்த வாராக்கடன். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, நலிந்த வங்கிகளுக்கான கட்டுப்பாடான உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் வைத்தது. அடுத்த மாதம், இந்தியாபுல்ஸ் ஹவுசிங்கோடு இணையும் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. 2020 செப்டம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களே ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். இதில் எதுவும் ரகசியமில்லை. நாளிதழில் வந்தது, எக்ஸ்சேஞ்ச் இணையதளத்தில் இருந்தது.

நவம்பர் 17 மாலை மாரடோரியம் வந்தது. வைப்புதாரர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மறுநாள் முதல் பங்கு, ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி எல்லையான கீழ்ச் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டது. விற்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை. விலை என்று ஒன்று திரையில் ஓடினாலும் அந்த விலைக்கு விற்க முடியாது என்பதைப் பல புதியவர்கள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள். நவம்பர் 27 அன்று வங்கி டிபிஎஸ் இந்தியாவோடு இணைந்தது. வைப்புத் தொகை போட்டவர்களின் பணம் முழுதாக நின்றது. கிளைகள் திறந்தன, பெயர்ப்பலகை மட்டும் மாறியது. பங்கு மூலதனம் முழுவதும் ரத்தானது. பங்குதாரருக்கு டிபிஎஸ் பங்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, ஒரு ரூபாயும் வரவில்லை.

இந்தப் பத்து நாட்களைப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் மெதுவாக ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். "மூடவா போறாங்க?" என்று சொன்னவர்கள் சொன்னது பலித்தது. வங்கி மூடவில்லை. அவர்கள் பணம்தான் போனது. வைப்புதாரர் கடன் கொடுத்தவர், பங்குதாரர் கூட்டாளி. கூட்டுக்கடை நொடித்தால் முதலில் கடன் கொடுத்தவர் கணக்கு தீரும், மிச்சமிருந்தால்தான் கூட்டாளிக்கு. வட்டிக்காரன் கண்ணால் பங்கைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை தெரியாமல் போயிற்று. இருபது ரூபாய் என்பது மலிவா அதிகமா என்பதும் அந்த எண்ணிலிருந்து தெரியாது. நூறிலிருந்து இருபதுக்கு வந்த பங்கு இன்னும் நூறு சதவீதம் விழலாம். "வாங்கியதன் காரணம்: பழைய வங்கி, விலை குறைந்திருக்கிறது" என்று ஒரு நோட்டில் தன் கையால் எழுதிப் பார்த்திருந்தால், அதற்குக் கீழே மூன்று ஆண்டு நஷ்டத்தையும் எழுதியிருந்தால், பலருடைய கை அங்கேயே நின்றிருக்கும்.

நோட்டில் என்ன எழுதுவது

நாற்பது பக்க நோட்டு போதும், எக்செல்லும் பரவாயில்லை. ஒரு பங்குக்கு ஒரு பக்கம். தேதி, எண்ணிக்கை, செலவோடு சேர்ந்த அடக்கவிலை. அடுத்து, பணம் எங்கிருந்து வந்தது. சம்பள மிச்சமா, மொய்ப்பணமா, கைமாற்றா, நகைக்கடனா? கடைசி இரண்டில் எது வந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வாங்காமல் இருப்பதே நல்லது. நகைக்கடனுக்கு வட்டி தினமும் ஓடும், பங்கு என்றைக்கு ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிறகு மூன்று வாக்கியங்கள்: ஏன் வாங்குகிறேன். கடைசியாக, வாங்கும் நாளிலேயே, எது நடந்தால் விற்பேன்.

பம்பு தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் இப்படி இருக்கலாம்: "ஐந்து ஆண்டில் கடன் பாதியாகியிருக்கிறது. தொழிலிலிருந்து வரும் ரொக்கம் கணக்கில் காட்டும் லாபத்துக்கு ஈடாக இருக்கிறது. கம்பெனியை நடத்தும் முதலாளியின், அதாவது புரமோட்டரின், பங்கு எதுவும் அடகில் இல்லை. விற்பது: கடன் மறுபடி ஏறினால், ஆடிட்டர் பாதித் தவணையில் விலகினால், புரமோட்டர் அடகு வைக்கத் தொடங்கினால்." இதற்கு வேண்டிய தகவல் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்டறிக்கையில் பணப்பாய்வு அறிக்கை என்ற ஒரு பக்கம் உண்டு. ஐந்து ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள், ஐந்து ஆண்டு செயல்பாட்டுப் பணவரத்தையும் கூட்டுங்கள். லாபம் 100 கோடி, வந்த ரொக்கம் 30 கோடி என்றால் மீதி 70 கோடி எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் வசூலாகாத பில்லாகவோ விற்காத சரக்காகவோ இருக்கும். சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை என்றால் பேரேட்டில் அது பற்றாகவே கிடக்கும் என்பது புதுவயல் அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. (வங்கி, நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வாராக்கடனையும் மூலதன விகிதத்தையும் பார்க்க வேண்டும்.) புரமோட்டர் அடகு விவரம் ஒவ்வொரு காலாண்டும் வரும் பங்குதாரர் பட்டியலில் இருக்கும்.

அளவு பற்றி. மாதம் 22,000 சம்பளம் வாங்கும் ஒருவர் முதலில் ஆறு மாதச் செலவை வங்கியில் ஒதுக்க வேண்டும். அதன் பிறகு மாதம் 3,000 மிஞ்சினால் இரண்டாயிரத்தை, ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வாங்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடலாம். மீதி ஆயிரத்தைச் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பங்கை ஆராய்ந்து வாங்கலாம். ஆண்டுக்கு நான்கு பக்கம். முதலாண்டு முடிந்த பிறகு எந்தத் தனிப் பங்கும் மொத்தத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். இந்தப் பணத்தை மூன்று ஆண்டுகளுக்குள் கல்யாணத்துக்கோ வீட்டு வேலைக்கோ எடுக்க வேண்டியிருக்கும் என்றால் பங்குக்கே வர வேண்டாம். 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தது. ஜனவரி உச்சத்திலிருந்து பார்த்தால் அன்றைய முடிவு 38 சதவீத வீழ்ச்சி. பொறுத்தவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டார்கள். ஏப்ரலில் பணம் தேவைப்பட்டவர்கள் பாதாளத்தில் விற்றார்கள். இரண்டு பேரும் வைத்திருந்தது ஒரே பங்குதான்.

ஒரே இடத்தில் குவிவது என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரமே சாட்சி. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதிமூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938இல் சுமார் 25 சதவீதம். வாங்கிக் குவித்ததல்ல அது. நெல் விலை சரிந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்து சேர்ந்தது. ரொக்கமாகச் சுழன்ற மூலதனம் மண்ணாக உறைந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது, 1948 சுதந்திரத்துக்குப் பிறகு நிலம் நாட்டுடைமையானது. அத்தனை துல்லியமாகக் கணக்கு எழுதியவர்களையும், ஒரே பயிர், ஒரே நாடு என்று நின்றது கவிழ்த்துவிட்டது. தனித்தனியாக ஆயிரம் பேருக்குக் கொடுத்த கடன்தான், ஆனால் ஆயிரம் பேரும் ஒரே நெல்லை நம்பியிருந்தார்கள். ஐந்து ஸ்மால்கேப் (சிறு கம்பெனி) பங்குகள், ஐந்தும் ஒரே துறை என்று வைத்துக்கொண்டு "பிரிச்சுத்தான் போட்டிருக்கேன்" என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆப்ஷன் பற்றி இரண்டு எண்கள்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு: 2021-22 முதல் 2023-24 வரை, பங்கின் பிற்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மூன்று ஆண்டில் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இன்ட்ராடே பற்றிய ஆய்வில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம், முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 76 சதவீதம். புதியவருக்கு இதில் சொல்ல வேறு எதுவுமில்லை. டெலிகிராமில் "இன்னிக்கு பேங்க் நிஃப்டி கால்" என்று அனுப்புகிறவர் செபியில் பதிவு செய்தவரா என்று செபி இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவு எண் இல்லாதவரின் சொல்லுக்கு நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர்கள் சொல்லும் சின்னப் பங்கு தினமும் மேல் சர்க்யூட்டில் நின்றால் சந்தோஷப்பட வேண்டாம். நாளைக்கு அது கீழ்ச் சர்க்யூட்டில் நிற்கும்போது, முன்பே வாங்கி வைத்தவர்கள் உங்களிடம் விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். இப்படிக் குறைவாகக் கைமாறும் பங்குகளில், கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டரும் போடக்கூடாது. எப்போதும் விலையை நாமே குறிப்பிடும் லிமிட் ஆர்டர்.

பெட்டகத்தில் இருக்கும் தாள்கள்

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பயிற்சி வீட்டிலேயே கிடைக்கலாம். பல வீடுகளில் இரும்புப் பெட்டகத்துக்குள் ஐயா காலத்துப் பங்குச் சான்றிதழ்கள் தாளாகவே இருக்கின்றன. கம்பெனி பெயர் மாறியிருக்கும், இணைந்திருக்கும், மூடியும் போயிருக்கும். போனஸும் பிரிப்பும் சேர்ந்து நூறு பங்கு பல மடங்காகவும் ஆகியிருக்கலாம். 2019 ஏப்ரல் 1 முதல் தாள் வடிவப் பங்கை இன்னொருவருக்கு விற்று மாற்ற முடியாது. வாரிசுக்கு மாற்றலாம், பிறகு டீமேட்டாக்கலாம். சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணை எடுத்துக்கொண்டு கம்பெனியின் பதிவாளருக்கு எழுதுங்கள். உரிமையாளர் இருந்தால் கேஒய்சிக்கு ஐஎஸ்ஆர்-1 படிவம், வங்கிக் கையெழுத்துச் சான்றுக்கு ஐஎஸ்ஆர்-2 படிவம். இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் பங்கே ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்குப் போயிருக்கும். ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டுத் திரும்பக் கேட்கலாம், காலம் பிடிக்கும். "பேப்பரை என்கிட்ட குடுங்க, பாதிக்குப் பாதி" என்று வருகிறவரிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தத் தாள்கள் இத்தனை ஆண்டு கிடந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வாங்கியவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இன்று அது போனுக்குள் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. தாளாவது பெட்டகத்தைத் திறந்தால் கண்ணில் படும். அதனால் டீமேட் கணக்கில் நாமினியைப் பதியுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தரகர் பெயர், டீமேட் கணக்கின் பதினாறு இலக்க எண், இணைத்த வங்கிக் கணக்கு, நாமினி பெயர் எழுதுங்கள். மாதாந்திர ஒருங்கிணைந்த அறிக்கை எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்பதையும் எழுதுங்கள். அம்மாவோ அப்பச்சியோ வீட்டில் ஒருவருக்கு, அந்த நோட்டு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டிவிட்டு அதன் பிறகு முதல் ஆர்டரைப் போடுங்கள்.